மறு சிகிச்சை: பெண்மணிகள் அறிய வேண்டிய ஒரு விஷயம்

காரைக்கால் என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழர் மனத்தில் முதலில் எழுவது ஒரு மாம்பழமும் ஓர் அம்மையாரும்தான். ஆனி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி அங்கே மாங்கனித் திருவிழா நடக்கிறது. பிக்ஷாடனர் வீதிவலம் வரும்போது ஜனங்கள் மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைக்கிறார்கள். கீழே நிற்பவர்கள் மடியேந்திப் பிடிக்கிறார்கள். பிள்ளை வேண்டிப் பிடிக்கிறவர்களும் உண்டு. பழத்துக்காகவே பிடிக்கிறவர்களும் உண்டு.

மாம்பழக் கதையை எல்லாரும் அறிவார்கள். அதன் பிற்பகுதியை அவ்வளவாக யாரும் எடுத்துப் பேசுவதில்லை. புனிதவதி என்ற வணிகர் குலப் பெண்ணை அவள் கணவன் பரமதத்தன், 'இவள் மானிடப் பெண் அல்ல. தெய்வம்' என்று அஞ்சிப் பிரிந்து போனான். பாண்டிய நாட்டில் வேறு பெண்ணை மணந்தான். செய்தி தெரிந்ததும் புனிதவதி, கணவனுக்காகச் சுமந்து வந்த தசையும் அழகும் இனி தனக்கு வேண்டாம் என்று இறைவனை வேண்டி எலும்புருவம் பெற்றாள். சேக்கிழார் பெரிய புராணத்தில் கூறும் வரலாறு இது. சோழர் காலத்து ஸ்தபதிகளும் அந்த அம்மையாரை வற்றிய மார்பும் துருத்திய விலா எலும்புமாகவே வெண்கலத்தில் வார்த்தார்கள். அந்த உருவத்தைத்தான் நாம் இன்றும் கற்பூரம் காட்டிக் கும்பிடுகிறோம்.

பக்தி விஷயத்தைப் பெரியவர்களுக்கு விட்டுவிட்டு, இக்கதையில் உலக விஷயமாக உள்ள ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். தன் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்த அம்மையார் தாமே தீர்மானித்தார். சுற்றத்தாரைக் கேட்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று தயங்கவுமில்லை. அவருடைய ஊரிலும், சுற்றியுள்ள காவிரிக் கரை ஊர்களிலும் இன்று வாழும் நம் சகோதரிகள் பலர், மார்பில் ஒரு வலியோ வீக்கமோ கண்டால் அதை வாய்விட்டுச் சொல்லவே கூசுகிறார்கள். அந்தக் கூச்சத்தால் வரும் கெடுதல் பெரிது. ஆகவே, குடும்பப் பத்திரிகையில் எழுதத் தகுமா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடிய ஒரு விஷயத்தை இந்த வாரம் எழுதத் துணிந்தோம்.

விஷயம் இதுதான். மார்பை நிமிர்த்தவோ நிரப்பவோ முன்பு ஒரு முறை ரண சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணுக்குச் சில வருஷங்கள் கழித்து மறுபடியும் சிகிச்சை தேவைப்பட்டால், அவளுக்கு எத்தனை வழிகள் உண்டு?

'இது பணக்கார வீட்டுச் சமாசாரம், நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். அழகுக்காகச் செய்துகொள்கிறவர்கள் ஒரு பகுதிதான். நம் தேசத்துப் பெண்களிடையே எல்லாப் புற்று நோய்களிலும் முதலிடம் வகிப்பது மார்பகப் புற்று நோய். அதற்காக மார்பை இழந்து, பிறகு செயற்கையாகப் பொருத்திக்கொண்ட தாய்மார்களும் இக்கூட்டத்தில் சேர்ந்தவர்களே. ஒரு பக்கம் பெரிதாகவும் ஒரு பக்கம் சிறிதாகவும் பிறவியிலேயே அமைந்து, கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் மனம் குன்றிய பெண்களும் உண்டு.

உள்ளே வைப்பது என்ன?

1962-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதி, காரைக்கால் சட்டப்படி இந்தியாவைச் சேர்ந்தது. 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமான ஊர், 1954 நவம்பர் முதல் தேதியே நடைமுறையில் நம்மிடம் வந்துவிட்டாலும், உடன்படிக்கை அமலுக்கு வந்தது அன்றுதான். அதே 1962-இல், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஹ்யூஸ்டன் நகரில், தாமஸ் க்ரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு வைத்தியர்கள் ஸிலிகோன் கூழ் அடைத்த பையை முதல் முறையாக ஒரு பெண்ணின் மார்பில் வைத்துத் தைத்தார்கள். இன்றைய சிகிச்சையெல்லாம் அதிலிருந்து கிளைத்ததுதான்.

பையின் மேல்தோல் ஸிலிகோன் ரப்பர். உள்ளே ஸிலிகோன் கூழ் இருக்கும், அல்லது உப்பு நீர் இருக்கும். சிலருக்கு மார்புத் தசைக்கு மேலேயும், சிலருக்குத் தசைக்குக் கீழேயும் இதை வைப்பார்கள். வயதாலும் பிள்ளைப்பேற்றாலும் தளர்ந்த மார்பானால், அதிகப்படியான தோலை வெட்டி எடுத்துக் காம்பை மேலே ஏற்றி, தூக்கித் தைப்பதும் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் செய்துகொள்கிறவர்களும் பலர்.

நம் உடம்புக்கு ஒரு குணம் உண்டு. அந்நியப் பொருள் எது உள்ளே வந்தாலும் அதைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிவிடும். காலில் தைத்து உள்ளே தங்கிவிட்ட முள்ளைச் சுற்றித் தசை கெட்டிப்படுவதைக் கண்டிருக்கிறோம் அல்லவா? ஸிலிகோன் பையைச் சுற்றியும் அப்படியே மெல்லிய உறை ஒன்று உண்டாகிறது. அது மெல்லியதாகவே இருக்கும் வரை தொல்லை இல்லை. சிலருக்கு அது தடித்துச் சுருங்கிப் பையை இறுக்கத் தொடங்கும். மார்பு கல்லைப் போல் கடினமாகும், உருவம் கோணும், வலியும் வரும். இந்த இறுக்கத்தை வைத்தியர்கள் 1 முதல் 4 வரை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதற் படியில் மார்பு இயல்பாகவே இருக்கும். மூன்றாம் படியில் உருவம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். நான்காம் படியில் வலியும் சேர்ந்துகொள்ளும்.

இங்கே வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பை ஆயுள் முழுவதற்கும் வைப்பதல்ல. அமெரிக்க சர்க்காரின் உணவு மருந்து இலாகா 2011-இல் வெளியிட்ட அறிக்கையில், அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் பத்து வருஷத்துக்குள் அதை எடுக்க நேரிடலாம் என்றும், புற்று நோய்க்குப் பின் வைத்துக்கொண்டவர்களில் இது பாதி வரை போகலாம் என்றும் கூறியிருக்கிறது. அதாவது, முதல் சிகிச்சைக்குச் சம்மதிக்கிற அன்றே இரண்டாவது சிகிச்சைக்கும் ஒரு கணக்கு எழுதி வைப்பதுதான் புத்திசாலித்தனம். இதை முதலிலேயே விளக்கிச் சொல்லாத வைத்தியரிடம் போகாமலிருப்பது நல்லது.

சீமைச் சரக்கும் சீமை முத்திரையும்

காரைக்காலிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்து ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா' வீடுகளைத் தெருப் பிள்ளைகளும் அறிவார்கள். பாரிஸில் மகன், மார்ஸேயில் மகள் என்று இருக்கும் அவ்வீடுகளில், பிரான்ஸிலிருந்து வந்த பொருள் என்றால் அதன் தரத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. அப்படிப்பட்ட நம்பிக்கைக்கு ஏற்பட்ட ஓர் அடியை இங்கே சொல்லியாக வேண்டும்.

தென் பிரான்ஸில் துலோன் நகருக்கு அருகே லா ஸெய்ன் என்ற கடலோர ஊர் இருக்கிறது. அங்கே ழான்-க்ளோத் மாஸ் என்பவர் 1991-இல் 'பி.ஐ.பி.' என்ற கம்பெனியைத் தொடங்கி மார்பகப் பைகள் செய்து விற்றார். உலகத்தில் 65 தேசங்களுக்கு அவை ஏற்றுமதியாயின. சுமார் 3 லட்சம் பெண்களின் உடம்பில் அவை வைக்கப்பட்டன. ஐரோப்பாவின் தர முத்திரை அவற்றின் மேல் இருந்தது. ஜெர்மனியின் பெயர் பெற்ற பரிசோதனை ஸ்தாபனமான டி.யு.வி. ரைன்லாந்து அதற்கு அத்தாட்சி அளித்திருந்தது.

2010 மார்ச்சு மாதம் பிரெஞ்சு சுகாதார அதிகாரிகள் தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. வைத்தியத்துக்கென்று சுத்தி செய்த ஸிலிகோனுக்குப் பதிலாக, விலை மலிவான, தொழிற்சாலை உபயோகத்துக்கான ஸிலிகோனையே அவர்கள் அடைத்து வந்திருந்தார்கள். அந்தப் பைகள் மற்றக் கம்பெனிகளின் பைகளைவிட அதிகமாகக் கிழிந்தன. 2011 டிசம்பர் 23-ஆம் தேதி பிரெஞ்சு சர்க்கார், தம் நாட்டில் அவற்றை வைத்திருந்த சுமார் 30,000 பெண்களும், தொல்லை எதுவும் இல்லாவிட்டாலும்கூட, அவற்றை எடுத்துவிடலாம் என்று ஆலோசனை கூறினர். எடுக்கும் செலவை அந்நாட்டுச் சுகாதார இன்ஷ்யூரன்ஸ் ஏற்றது. ஆனால் புதிய பை வைக்கும் செலவைப் புற்று நோயினால் மார்பை இழந்தவர்களுக்கு மட்டுமே ஏற்றது. அழகுக்காக வைத்துக்கொண்டவர்கள் அதைத் தாங்களே கட்ட வேண்டியிருந்தது.

2013-இல் மார்ஸேயில் வழக்கு நடந்தது. 5,000-க்கு மேற்பட்ட பெண்கள் அதில் பாதிக்கப்பட்டவர்களாகச் சேர்ந்தார்கள். டிசம்பர் 10-ஆம் தேதி மாஸுக்கு நான்கு வருஷச் சிறையும் 75,000 யூரோ அபராதமும் விதிக்கப்பட்டன. அவர் 2019-இல் காலமானார். முத்திரையளித்த ஜெர்மன் ஸ்தாபனத்தின் மேல் நடந்த வழக்கு ஒரு கோர்ட்டிலிருந்து மற்றொரு கோர்ட்டுக்குப் போய்ப் போய் வந்தது. கடைசியில் 2021 மே மாதம் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த ஸ்தாபனம் கவனக் குறைவாக நடந்துகொண்டது என்று தீர்ப்பளித்தது.

பிரான்ஸைப் பழிப்பதற்காக இதை நாம் எழுதவில்லை. குற்றத்தைக் கண்டுபிடித்ததும் அந்நாட்டு அதிகாரிகளே. தண்டித்ததும் அந்நாட்டு நீதிமன்றமே. சீமை முத்திரையைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்ளும் பழைய வழக்கத்தை நாம் விட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம். அக்கம்பெனி ஒழிந்து பல வருஷங்களானாலும், அதன் பைகளை எடுக்காமல் சுமந்து வாழ்கிறவர்கள் எந்த தேசத்திலும் இருக்கலாம். வெளிநாட்டில் 2010-க்கு முன் இச்சிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்பியவர்கள், தங்கள் பையின் பெயர் என்ன என்று பழைய கடிதங்களைத் தேடிப் பார்ப்பது நலம்.

வேறொரு சம்பவமும் உண்டு. மேற்புறம் சொரசொரப்பாக உள்ள சில வகைப் பைகளைச் சுற்றி, பல வருஷங்களுக்குப் பின், 'லிம்போமா' என்னும் அபூர்வமான ஒரு புற்று நோய் வருவதை வைத்தியர்கள் கண்டார்கள். இது மார்பகப் புற்று நோய் அல்ல. பையைச் சுற்றிய உறையில் தோன்றுவது. 2019 ஏப்ரலில் பிரான்ஸ் அத்தகைய பைகளைத் தடை செய்தது. அதே வருஷம் ஜூலையில் அல்லர்கன் கம்பெனி தன் 'பயோஸெல்' வகைப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்நோய் மிகச் சிலருக்கே வருவது. ஆரம்பத்திலேயே கண்டால் பையையும் உறையையும் முழுதாக எடுத்துக் குணப்படுத்தக் கூடியது. தொல்லை இல்லாதவர்கள் அஞ்சி ஓடிப் போய்ப் பையை எடுக்க வேண்டியதில்லை என்றே அமெரிக்க இலாகாவும் கூறியது. ஆனால் வருஷங்கள் பல கழிந்த பின் திடீரென்று ஒரு பக்கம் வீங்கினால், 'தானே வடிந்துவிடும்' என்று ஒற்றடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

எப்போது யோசிக்க வேண்டும்?

கீழ்க்கண்ட அறிகுறிகளுள் ஒன்று இருந்தாலும் வைத்தியரைக் காண வேண்டும்: மார்பு கெட்டியாதல், ஒரு பக்கம் மேலேறுதல் அல்லது கீழிறங்குதல், திடீர் வீக்கம், புதிய கட்டி, தோல் சிவந்து சுடுதல், காம்பிலிருந்து கசிவு, மாறாத வலி.

ஸிலிகோன் பை கிழிந்தால் வெளியே தெரியாமலும் இருக்கலாம். உப்பு நீர்ப் பையானால் சுருங்கிவிடும், உடனே தெரிந்துவிடும். கூழ்ப் பையோ கிழிந்த பின்னும் உருவம் மாறாமல் கிடக்கும். அதனால்தான், வைத்து ஐந்து அல்லது ஆறு வருஷத்தில் ஒரு முறையும், பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கொரு முறையும் அல்ட்ராஸவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ. பரிசோதனை செய்துகொள்ளும்படி அமெரிக்க இலாகா ஆலோசனை கூறுகிறது. புற்று நோய்ப் பரிசோதனைக்காக மார்பை எக்ஸ்ரே எடுக்கப் போகும்போது, உள்ளே பை இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பை மறைக்கும் இடங்களைக் காண அவர்கள் வேறு கோணங்களிலும் படம் எடுப்பார்கள்.

ஓயாத களைப்பு, மூட்டு வலி, ஞாபக மறதி ஆகியவற்றுக்குப் பைதான் காரணம் என்று நம்புகிற பெண்கள் மேல்நாடுகளில் பலர் இருக்கிறார்கள். எடுத்த பின் சுகமடைந்ததாகச் சொல்கிறவர்களும் உண்டு. இதில் காரண காரியத்தை வைத்திய சாஸ்திரம் இன்னும் நிலைநாட்டவில்லை. ஆனாலும் ஒரு பெண் சொல்லும் வேதனையை 'மனப் பிரமை' என்று தள்ளிவிடுவது வைத்தியருக்கு அழகல்ல.

இருக்கும் வழிகள்

முதல் வழி, ஒன்றும் செய்யாமலிருப்பது. பை கிழியவில்லை, நோய்க் குறி இல்லை, உருவத்தில் சிறிது மாறுதல்தான் என்றால், அதை ஏற்றுக்கொண்டு பரிசோதனையை மட்டும் தவறாமல் செய்து வரலாம். வைத்தியர்கள் இதையும் ஒரு சிகிச்சை முறையாகவே கருதுகிறார்கள். ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் சிறிது வித்தியாசம் இயற்கையிலேயே எல்லாப் பெண்களுக்கும் உண்டு.

இரண்டாவது வழி, பையை எடுத்துவிட்டு வேறெதுவும் வைக்காமல் விடுவது. இது எல்லாவற்றிலும் எளிது. மூன்றாவது சிகிச்சைக்கு இடம் வைக்காதது. ஆனால் பல வருஷம் விரிந்திருந்த தோல் தளர்ந்து தொங்கும். மார்பு, பை வைப்பதற்கு முன் இருந்ததைவிடவும் தட்டையாகத் தோன்றக் கூடும். சில மாதங்களில் தோல் ஓரளவு தானே இறுகும்.

மூன்றாவது, பையை எடுத்து, மீந்த தோலையும் குறைத்துத் தூக்கித் தைப்பது. சொந்தச் சதை ஓரளவு உள்ளவர்களுக்கு இது பொருந்தும்.

நான்காவது, பழைய பையை எடுத்துப் புதியது வைப்பது. உறை இறுகியதனால் வந்த கோளாறானால் உறையைக் கீறித் தளர்த்துவார்கள், அல்லது வெட்டி எடுப்பார்கள். தசைக்கு மேலே இருந்ததைத் தசைக்குக் கீழே மாற்றி வைப்பதும் உண்டு. கீழே இறங்கிய பையானால், உறையையே தையல் போட்டு இடத்தைச் சுருக்குவார்கள். முன்பைவிடச் சிறிய பையை வைத்துக்கொள்வதால் தோலுக்கும் தையலுக்கும் பாரம் குறையும். இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள், வருங்காலத்தில் இன்னொரு முறை மேஜைமேல் படுக்க நேரிடலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐந்தாவது, தன் வயிற்றிலோ தொடையிலோ உள்ள கொழுப்பை ஊசிக் குழாயால் உறிஞ்சி, சுத்தம் செய்து, மார்பில் செலுத்துவது. அந்நியப் பொருள் கிடையாது. ஆனால் செலுத்திய கொழுப்பில் ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும். சிலருக்கு இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டி வரும். பெரிய அளவுக்கு நிரப்ப இது உதவாது.

ஆறாவது, வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ தோலும் கொழுப்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த ஒரு பகுதியை எடுத்து மார்பாக அமைப்பது. இது மணிக்கணக்கில் நடக்கும் பெரிய சிகிச்சை. புற்று நோயினால் மார்பை இழந்து, கதிர் வைத்தியம் பெற்று, வைத்த பையும் தோற்றுப்போனவர்களுக்கே பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள். நன்கு அமைந்துவிட்டால் அது ஆயுள் முழுவதும் அவர்களுடைய சொந்தத் தசையாகவே இருக்கும்.

உறையை முழுதும் ஒரே கட்டாக எடுத்தால்தான் சுகம் என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன லிம்போமா நோய்க்கு அது அவசியம். மற்றவர்களுக்கு எப்போதும் அவசியமில்லை. உறையின் பின்புறம் விலா எலும்போடு ஒட்டியிருக்கும்; அதைப் பிடிவாதமாகச் சுரண்டினால் நுரையீரலைச் சுற்றிய சவ்வு கிழிய இடமுண்டு.

இரண்டாம் முறை ஏன் கடினம்?

ஒரு புதுத் துணியை வெட்டித் தைப்பது சுலபம். தைத்த ரவிக்கையைப் பிரித்து மறுபடியும் தைப்பது, தையற்காரர் யாரைக் கேட்டாலும் சங்கடமான காரியம் என்பார். மார்பு விஷயத்தில் சங்கடம் அதைவிடப் பெரிது. ஏனெனில் தோலுக்குள் ரத்தம் ஓடுகிறது.

தூக்கித் தைக்கும்போது காம்பை முழுவதும் அறுத்தெடுப்பதில்லை. ஏதாவது ஒரு பக்கத்துத் தசையோடு அதை ஒட்டியபடியே விட்டு மேலேற்றுவார்கள். அந்தத் தசையின் வழியாகத்தான் காம்புக்கு ரத்தம் போகிறது. இரண்டாவது வைத்தியர் அது மேற்பக்கமா, கீழ்ப்பக்கமா என்று தெரியாமல் அந்த வழியையே வெட்டிவிட்டால், காம்பு கருகிப் போகக் கூடும். உள்ளே பையும் இருந்தால் மேலுள்ள சதை மெலிந்திருக்கும். அபாயம் இன்னும் கூடும். ஆகையால் நிதானமுள்ள வைத்தியர்கள் சிலருக்கு இரண்டையும் ஒரே நாளில் செய்ய மாட்டார்கள். முதலில் பையை எடுத்து, சில மாதங்கள் ஆறவிட்டு, பிறகு தூக்கித் தைப்பார்கள். இரண்டு முறை மயக்க மருந்தா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தாமதம் நோயாளியின் பாதுகாப்புக்காகத்தான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான கடமை பிறக்கிறது. முதல் சிகிச்சையின் குறிப்பைப் பத்திரப்படுத்த வேண்டும். வைத்த பையின் கம்பெனிப் பெயர், அளவு, வரிசை எண் எழுதிய சீட்டு ஒன்று ஒவ்வொரு பையோடும் வருகிறது. அதையும், வைத்தியர் எழுதிய ரண சிகிச்சைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கி, நிலப் பத்திரத்தோடும் நகைச் சீட்டோடும் சேர்த்துப் பெட்டியில் வைக்க வேண்டும். நகைச் சீட்டு தொலைந்தால் நகை மட்டுமே போகும். இது தொலைந்தால் அடுத்த வைத்தியர் இருட்டில் கத்தியைப் பிடிக்க வேண்டியதுதான்.

காலமும் பார்க்க வேண்டும். வீக்கம், சீழ், காய்ச்சல் என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. உருவம் பிடிக்கவில்லை என்பது மட்டுமே காரணமானால், முந்திய சிகிச்சை முடிந்து ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை பொறுப்பது வழக்கம். அதற்குள் வீக்கம் வடிந்து தழும்பும் மிருதுவாகிவிடும். இன்னும் பிள்ளை பெற எண்ணுகிறவர்கள் பிரசவத்துக்கும் பாலூட்டலுக்கும் பிறகு செய்துகொள்வது மேல். புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் சில வாரங்களுக்கு முன்பே அதை அடியோடு விட வேண்டும். புகையிலை ரத்த நாளங்களைச் சுருக்கிப் புண் ஆறுவதைக் கெடுக்கிறது.

எங்கே போவது?

பிளாஸ்டிக் ஸர்ஜரி என்றதும் மேல்நாட்டுக் கலை என்று எண்ணுகிறோம். அறுந்த மூக்குக்குத் தோலைத் திருப்பி வைத்து ஒட்டும் முறையைச் சுச்ருதர் எழுதி வைத்திருக்கிறார். அம்மரபில் வந்த ஒரு சிகிச்சையைப் பூனாவில் கண்ட ஆங்கிலேயர்கள் 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார்கள். அதைப் படித்துத்தான் கார்ப்யூ என்ற வைத்தியர் 1814-இல் லண்டனில் அச்சிகிச்சையைச் செய்து பார்த்தார். பழம் பெருமை பேசி உட்கார்ந்திருப்பதில் பயன் இல்லை என்றாலும், இந்தக் கலை நமக்கு அந்நியமல்ல என்பதற்காக இதைச் சொன்னோம்.

இன்றைய நிலைமையும் சோர்வடையும்படி இல்லை. சென்னை ஸ்டான்லி சர்க்கார் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் ஸர்ஜரிப் பிரிவு, கைச் சிகிச்சையில் தேசமெங்கும் புகழ் பெற்றது. அங்கே 2018 பிப்ரவரியில் மார்பகச் சிகிச்சைக்கென்று இலவச ஏற்பாடு ஒன்று தொடங்கப்பட்டது. புற்று நோய்க்குப் பின் மார்பை அமைப்பதோடு, அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அதில் அடங்கும். ஏழைக்கு அழகுச் சிகிச்சை எதற்கு என்று அப்போது கேலி பேசியவர்கள் உண்டு. ஏழைக்கு மட்டும் ஏன் கூடாது என்பது அன்றைய சுகாதார மந்திரி விஜயபாஸ்கரின் பதில். தாங்க முடியாத கனத்தால் கழுத்தும் தோளும் வலித்து, வயல் வேலைக்குக் குனிய முடியாத ஒரு பெண்ணுக்கு அந்த ஏற்பாடு அலங்காரமாகுமா என்பதைக் கேலி பேசியவர்களே யோசிக்கட்டும்.

காரைக்கால்வாசிகளுக்குப் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியே அதன் மூலம். 2008 முதல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனம். 2016-இல் அதன் கிளை வைத்தியக் கல்லூரி காரைக்காலிலேயே ஆரம்பமாயிற்று. எங்கே போனாலும், சிகிச்சை செய்கிறவர் பிளாஸ்டிக் ஸர்ஜரியில் எம்.சி.எச். போன்ற உயர்பட்டம் பெற்றவரா என்று விசாரிப்பது குற்றமல்ல. கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் பட்டமாகா.

வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. எனக்கு எந்தெந்த வழிகள் உண்டு? ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? இதே மறு சிகிச்சையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? காம்பின் உணர்ச்சி போகுமா? எடுத்த உறையைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? அடுத்த பத்து வருஷத்தில் எனக்கு எவ்வளவு செலவாகும்? அமெரிக்காவில் 2021 முதல், ஒவ்வொரு பெண்ணுக்கும் அபாயங்களை ஒன்றொன்றாகப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிய பின்பே பையை விற்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். இங்கே அப்படிப் படித்துக் காட்டுகிறவர் இல்லாவிட்டால், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

வீட்டாருக்கு

இறுதியாகக் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். முதல் சிகிச்சை செய்துகொண்ட பெண்ணை 'யார் உன்னைச் செய்துகொள்ளச் சொன்னது?' என்று கேட்கிற மாமியாரும் கணவரும் நம்மிடையே குறைவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பலர் வீக்கத்தை மாதக்கணக்கில் மறைக்கிறார்கள். முறிந்த கைக்குப் போட்ட கட்டு சரியில்லை என்றால் மறுபடியும் கட்டுப் போட அழைத்துப் போகிறோம். யார் உன்னை விழச் சொன்னது என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை. மார்பானால் மட்டும் வேறு நியாயம் எதற்கு?

எடுத்துவிடுவதா, மாற்றுவதா, இருந்தபடியே விடுவதா என்ற தீர்மானம் அந்த உடம்பைச் சுமக்கிறவளுடையது. வழிகளை விளக்குவது வைத்தியர் கடமை. ஆஸ்பத்திரிக்கு உடன் போவதும், வீடு திரும்பியபின் சில வாரங்களுக்கு அவளைக் குடம் தூக்கவும் மாவாட்டவும் விடாமல் பார்த்துக்கொள்வதும் வீட்டார் கடமை. நம் வாசக சகோதரிகளில் யாருக்காவது இப்படி ஒரு சந்தேகம் மனத்தில் இருந்தால், இந்த வாரமே பழைய சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள். பரிசோதனைக்கு ஒரு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.